என் கையில் மட்டும் நின்ற வண்டி

ரயில் பாலத்துக்கு அடியில் முந்தின நாள் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். தோளில் ஒரு பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு போர்வை, பத்துப் பன்னிரண்டு ஸ்பேனர். துணியால் கனமில்லை, ஸ்பேனர்கள்தான் தோளை அறுத்தன. பதினான்கு மாதம் வேன் ஓட்டிய வீடு கால் மணி நேர நடைக்குப் பின்னால் இருந்தது. வேன் சாவியை அந்த வீட்டு கேட் கொக்கியில் மாட்டிவிட்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கிளம்பியிருந்தேன்.

கிளம்புவது எனக்குப் புதிதில்லை. எட்டாவதைப் பாதியில் விட்டதிலிருந்து அதைத்தான் செய்துவருகிறேன். திருப்பூரில் சாயப்பட்டறை, சேலத்து லாரி ஒன்றில் கிளீனர், கோவாவில் ஓட்டல், ஓசூரில் ஜல்லி கிரஷர். சில இடங்களில் சம்பளம் வரவில்லை. சில இடங்களில் உடம்பு தாங்கவில்லை. பல இடங்களில் காரணமே கிடையாது, காலையில் எழுந்தேன், பையை எடுத்தேன். ஆனால் எந்த ஊரிலும் பொய்க்காரன் என்ற பெயரோடு கிளம்பியதில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவை.

பெயர் கெட்டால் என்ன, சோறா கெட்டுவிடும் என்று கேட்கலாம். டிரைவருக்குச் சோறும் கெட்டுவிடும். பெங்களூரில் வண்டி வைத்திருப்பவர்கள் லைசென்ஸைப் பார்ப்பதற்கு முன்னால் பழைய முதலாளியின் நம்பரைத்தான் கேட்பார்கள். நம் எதிரிலேயே போன் போடுவார்கள். ஹெப்பகோடியில் ஃபேக்டரி ஆட்களை ஏற்றும் வேனுக்கு டிரைவர் தேவை என்று தெரிந்தவன் ஒருவன் சொல்லியிருந்தான். அங்கே போனால் அந்த ஒரு போன் காலில் கதை முடிந்துவிடும். அதனால் ஹெப்பகோடியைத் தாண்டி, ஓசூரையும் தாண்டி, என்னை யாரும் கேட்காத ஏதாவது ஓர் ஊருக்குப் போவது என்று முடிவு செய்திருந்தேன். எந்த ஊர் என்று முடிவு செய்யவில்லை.

நான் வேலை பார்த்தது ஓர் ஆன்ட்டியிடம். ரிச்சர்ட்ஸ் டவுனில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். வீட்டுப் பின்கட்டில் சமைத்து, தொம்மலூரில் நான்கு ஆபீஸ்களுக்கு மத்தியானச் சாப்பாடு அனுப்புவார். சோறு, குழம்பு, ஒரு பொரியல், வெள்ளிக்கிழமை மட்டும் மீன். அதை ஏற்றிப் போக ஒரு பழைய பெட்ரோல் வேன். டிரைவர் சீட்டைத் தூக்கினால் அடியில் எஞ்சின் இருக்கும். பெட்ரோல் முள் எப்போதோ செத்துவிட்டது. பின்பக்கம் இடது ஓரத்தில் ஒரு சின்னத் தகரக் கதவு, அதற்குள் டேங்க் மூடி. பழைய மூடியை எனக்கு முந்தைய டிரைவர் தொலைத்துவிட்டார். இருந்தது சிவாஜிநகரில் வாங்கிப் போட்டது.

அந்த வண்டி ஒரு மாதமாக நின்று நின்று போனது.

வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒரு குறையும் இருக்காது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும். அல்சூர் ஏரிக்கரை வந்ததும் இரண்டு தடவை இழுக்கும், மூன்றாவது தடவை ஆஃப். செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. பத்து நிமிடம் சும்மா விட்டால் தானாகவே பிடித்துக்கொள்ளும். பிறகு பத்து நிமிடம் கால் மணியாயிற்று, கால் மணி அரை மணியாயிற்று. பின்னால் சாப்பாடு ஆறும். ஆபீஸிலிருந்து ஆன்ட்டிக்குப் போன் வரும். நான் நடைபாதையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வேறென்ன செய்வது?

என்னால் முடிந்ததையெல்லாம் பார்த்தேன். லாரியில் கிளீனராக இருந்த இரண்டு வருடத்தில் கொஞ்சம் கை பழகியிருந்தது. நின்ற இடத்திலேயே சீட்டைத் தூக்கி பிளக்கைக் கழற்றினேன். நெருப்பு வந்தது. அப்படியென்றால் கரண்ட் பிரச்சினை இல்லை. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைப் பிடுங்கினேன். சொட்டு பெட்ரோல் இல்லை. டேங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டேன். அரை டேங்குக்கு மேல் நனைந்தது. டேங்கில் இருக்கிறது, எஞ்சினுக்கு வரவில்லை, வழியில் ஏதோ அடைப்பு. ஃபில்டரை மாற்றினேன். மறுநாளும் நின்றது. டேனரி ரோடு மெக்கானிக் பெட்ரோல் பம்பையே மாற்றினார். அதற்கு மறுநாளும் நின்றது.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், வேறு யார் ஓட்டினாலும் அது நிற்கவில்லை. மெக்கானிக் எடுத்துக்கொண்டு இரண்டு தெரு சுற்றிவிட்டு வந்தார். "க்யா மியா, வண்டி குதிரை மாதிரி ஓடுது. நீ என்னா கம்ப்ளைன்ட் சொல்ற?" என்றார். ஆன்ட்டியின் தம்பி, ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர், அங்கிள் என்று கூப்பிடுவோம், அவர் ஒரு நாள் எடுத்துப் போனார். பெட்ரோல் போட்டுக்கொண்டு தொம்மலூர் வரை போய்த் திரும்பினார். வழியில் ஒரு இருமல்கூட இல்லை என்றார்.

நான் கிளம்பிய அன்றைக்குச் சாப்பாடு இரண்டே காலுக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஆபீஸில் வெளியே சாப்பிட்டுவிட்டார்கள். மூடியைத் திறக்காத கேரியர்களோடு நான் திரும்பி வந்தபோது அங்கிள் வாசலில் நின்றார்.

"எங்க நின்னுச்சு?"

"ஏரிக்கரை, அங்கிள்."

"நான் ஓட்டினா நிக்கல. மெக்கானிக் ஓட்டினா நிக்கல. உன் கையில மட்டும் நிக்குது. வண்டிக்கு ஆள் தெரியுமா மேன்?"

"என் மேல சந்தேகமா அங்கிள்?"

"சந்தேகம் என்னா? நடுவுல எங்கயோ வேற ஆளுக்கு சைடு லோடு அடிக்கிற. உண்மைய சொல்லிட்டா போய்டும்ல?"

ஆன்ட்டி சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார். நான் அவரைத்தான் பார்த்தேன். இல்லை, அவன் அப்படிச் செய்ய மாட்டான் என்று ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிள் பேசியதை நான் தாங்கியிருப்பேன். இதைவிடக் கெட்ட பேச்செல்லாம் கேட்டு வளர்ந்தவன். ஆன்ட்டி பேசாமல் இருந்ததுதான் என்னைக் கிளப்பியது.

நடக்க ஆரம்பித்தால் எனக்குக் கோபம் ஒரு மைலில் இறங்கிவிடும். அது என் சுபாவம். சிவாஜிநகர் நெருங்கும்போது கோபம் போய், வண்டிதான் மண்டைக்குள் நின்றது. என் கையில் மட்டும் ஏன் நிற்கிறது? அங்கிள் கேட்டது கேள்விதான், திட்டு மட்டும் இல்லை. நான் திட்டை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை அங்கேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். என்னைவிட அங்கிள் மெதுவாக ஓட்டுவாரா? இல்லை, வேகமாக ஓட்டுவார். லோடு இல்லாமல் போனாரா? நான் காலி கேரியரோடு திரும்பும்போதும் நின்றிருக்கிறது. வேறு ரோட்டில் போனாரா? அதே ரோடு.

பஸ் ஸ்டாண்டில் ஓசூர் ரோடு வழியாகப் போகும் பஸ் ஒன்று வந்தது. கதவு 'புஸ்' என்று காற்றை விட்டுத் திறந்தது. ஒரு காலைப் படியில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தச் சத்தத்தைப் போன வாரம் கேட்டிருந்தேன். பெட்ரோல் பங்கில். பெட்ரோல் போடும் பெண்ணுக்காக நான் டேங்க் மூடியைத் திருகியபோது உள்ளிருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு சீறல். அவள் ஓர் அடி பின்னால் போய், "ஏனண்ணா, ஒளகே ஹாவு இட்டித்தீரா?" என்றாள். உள்ளே பாம்பா வைத்திருக்கிறாய் என்று. இரண்டு பேரும் சிரித்தோம். வெயிலில் பெட்ரோல் சூடாகி ஆவி வெளியே வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அன்றைக்கு எங்கே வெயில்? காலையிலிருந்து தூறல். அந்தக் காற்று வெளியே வரவில்லை. உள்ளே போயிருக்கிறது.

"ஹத்தோதாதரே ஹத்து மாராயா!" என்று கண்டக்டர் கத்தினார். ஏறுவதென்றால் ஏறித் தொலை என்கிறார். நான் காலை எடுத்துவிட்டேன். பஸ் போயிற்று.

சுவரோரம் பையை வைத்து உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியே போகப்போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக மூடியின் நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். அது அடைந்துவிட்டால் ஒரு கண் மட்டும் குத்திய தேங்காயை வாய் வைத்து உறிஞ்சுவது போலத்தான். முதலில் கொஞ்சம் வரும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் வராது. சும்மா விட்டால் மூடியின் ஓரத்தில் எங்கேயோ காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும், மறுபடி பிடித்துக்கொள்ளும். அங்கிள் ஓட்டியபோது ஏன் நிற்கவில்லை? பெட்ரோல் போட்டார், மூடியைத் திறந்தார். மெக்கானிக் ஏன் பார்க்கவில்லை? இரண்டே தெரு, அவ்வளவு தூரத்தில் எப்படி நிற்கும்? நான் குச்சி விட்டுப் பார்த்த அன்றைக்கு மூடியைப் போட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. ஆறவிட்டதால் பிடித்தது என்று நினைத்தேன். குச்சியைப் பார்த்தேன், மூடியைப் பார்க்கவில்லை.

மறுபடி ரயில் பாலத்துத் தண்ணீரில் இறங்கித் திரும்பி நடந்தேன். வேலைக்காகத் திரும்பவில்லை. அந்தப் பெயரை அந்த வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான்.

சாவி கொக்கியிலேயே தொங்கியது. ஆன்ட்டி பாத்திரம் கழுவும் இடத்தில் இருந்தார். என்னையும் பையையும் பார்த்தார்.

"வண்டி ஏன் நிக்குதுன்னு தெரிஞ்சிபோச்சு ஆன்ட்டி. நீங்களும் அங்கிளும் என்கூட வாங்க. ஒரு மணி நேரம் போதும். வண்டிய யாரும் தொடக் கூடாது, பெட்ரோல் போடக் கூடாது."

"ரிப்பேர் பண்ணிட்டியா?" என்றார் அங்கிள்.

"இல்ல. நிக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் பாக்கணும்."

"ஏன் மேன், நிக்க வைக்கவா கூட்டிட்டுப் போற?"

ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு முன் சீட்டில் ஏறினார். அங்கிள் முனகிக்கொண்டே பின்னால் காலி கேரியர்களுக்கு நடுவில் உட்கார்ந்தார்.

சாயங்கால நெரிசல். ஏரிக்கரை வந்தது. நிற்கவில்லை. ஏரிக்கரை முடிந்தது, குருத்வாரா தாண்டினோம். எஞ்சின் கேட்கவே இனிமையாக ஓடியது. பின்னாலிருந்து அங்கிள், "சூப்பரா போகுது. மைசூர் வரைக்கும் போலாமா அக்கா?" என்றார். ஆன்ட்டி திரும்பாமல், "சும்மா இரு" என்றார். ஒரு மாதமாக, நிற்காதே நிற்காதே என்று கும்பிட்ட வண்டியை அன்றைக்கு, நில்லேன் நில்லேன் என்று மனதுக்குள் கெஞ்சினேன். தொம்மலூர் மேம்பாலம் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஒரு தடவை இழுத்தது. இன்னொரு தடவை. ஓரம் கட்டுவதற்குள் ஆஃப். அந்த வண்டி நின்றதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

மூன்று தடவை செல்ஃப் அடித்துக் காட்டினேன். பிடிக்கவில்லை. "இப்ப சத்தம் வரும், கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் பின்பக்கம் போனேன். தகரக் கதவைத் திறந்து மூடியைத் திருகினேன். ஸ்ஸ்ஸ் என்று சீறியது. வண்டிக்குள்ளிருந்து, "ஜீசஸ்!" என்று அங்கிளின் குரல் கேட்டது.

மூடியின் மேல்பக்கத்தில் ஓட்டையைத் தேடினேன். ஓட்டை தெரியவில்லை. அந்த இடத்தில் கெட்டியாகக் காய்ந்து மஞ்சளாக ஒரு பொட்டு. நடுவில் சிவப்பு. அதில் கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

என் விரல்தான்.

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவியபோது ஆன்ட்டி சொல்லியிருந்தார், "பூசணிக்கா மட்டும் என் கேட்ல ஒடைக்காத. சண்டே கொயர் பிள்ளைங்க இதே வண்டியில சர்ச்சுக்குப் போவாங்க" என்று. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் அதிகமாக யோசித்தேன். கண்ணாடியில் பொட்டு வைத்தால் சர்ச் வாசலில் யாராவது பார்த்து அவரை ஏதாவது கேட்டால்? பொட்டு வைக்காமல் விடவும் மனசு வரவில்லை, தினமும் ஓட்டுகிற வண்டி. அதனால் யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடி, தகரக் கதவுக்குள் மூடி மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தேன். பிறகு வண்டி நிற்க ஆரம்பித்தது. திருஷ்டி என்று நினைத்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதன் மேலேயே இன்னும் கொஞ்சம் சந்தனம் வைத்தேன். வண்டி இன்னும் அதிக நேரம் நின்றது. நான் இன்னும் கெட்டியாக வைத்தேன்.

நடைபாதையை ஒட்டி நின்றுகொண்டு மூடியையே பார்த்தேன். ஆன்ட்டி முன் சீட்டில் இருந்தார். அங்கிளுக்கு நான் தெரியவில்லை. நகத்தால் சுரண்டினால் நான்கு நொடி வேலை. தூசி அடைத்திருந்தது என்று சொல்லலாம், நம்புவார்கள், தப்பு தூசியுடையது என்று ஆகிவிடும். நகத்தை வைத்தும்விட்டேன். ஆனால் பொய்க்காரன் இல்லை என்று காட்டத்தான் நான் இரண்டாம் தடவை அந்தப் பாலத்துத் தண்ணீரில் இறங்கியிருந்தேன். நகத்தை எடுத்தேன்.

முதலில் போய்ச் செல்ஃப் அடித்தேன். ஒரே சுற்றில் பிடித்தது. பிறகு மூடியை ஆன்ட்டி கையில் கொடுத்தேன்.

அவர் அதை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். "இது என்னா? சந்தனமா?"

"ஆமா ஆன்ட்டி. நான்தான் வச்சேன். அதுதான் ஓட்டைய அடைச்சிருச்சு. வண்டி நின்னது என்னாலதான்."

"பெட்ரோல் மூடியிலயா பொட்டு வைப்பாங்க?"

"முன்னாடி வச்சா சர்ச்ல உங்கள ஏதாவது சொல்லுவாங்கன்னு..."

ஆன்ட்டி மூடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பின்னால் யாரோ ஹாரன் அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார்கள். "முன்னாடியே வச்சிருக்கலாம்ல? நான் என்னா கடிச்சா தின்னுடுவேன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நானும் ஒரு நாள் யாருக்கும் தெரியாம சீட்டத் தூக்கி, எஞ்சின் மேல ஹோலி வாட்டர் ஊத்தினேன்" என்றார்.

"அக்கா! எஞ்சின் மேலயா?" என்றார் அங்கிள்.

"நல்லா ஓடட்டும்னுதான். நீ வாயை மூடு. ஆயில் டின்ல ஒரே ஒரு ஓட்டை போட்டா ஊத்தாதுன்னு ஒனக்குத் தெரியாதா? முப்பது வருஷம் ஃபேக்டரியில என்னா பண்ண?"

"எனக்கு அப்பவே ஒரு டவுட் இருந்துச்சு," என்றார் அங்கிள். நான் வண்டியைத் திருப்பினேன்.

வழியில் ஆன்ட்டி தன் புடவையிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி மூடியோடு கொடுத்தார். சிக்னலில் நின்றபோது ஓட்டையைக் குத்தித் திறந்தேன். காய்ந்த சந்தனம் மடியில் தூளாக விழுந்தது, வாசனை இன்னும் போகவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது, "காலைல ஏழு மணிக்கு ரெடியா இரு," என்றார். சாவியை அவர் கையில் கொடுத்தேன். "இல்ல ஆன்ட்டி. நான் போறேன். வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் அங்கிள் ஓட்டட்டும்."

"கோவமா?"

கோபம் இல்லை. அது உண்மை. ஆனால் இனிமேல் வண்டி நெரிசலில் கால் மணி நேரம் தாமதமானாலும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், அவர் கரண்டியைப் பார்ப்பார். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "கோவம் இல்ல," என்று மட்டும் சொன்னேன். அவர் வற்புறுத்தவில்லை. அன்றைக்குத் திரும்பி வந்த சாப்பாட்டிலேயே எனக்கும் போட்டார். மீன் இருந்தது, வெள்ளிக்கிழமை. ராத்திரி வழக்கம்போல வேன் நிற்கும் ஷெட்டிலேயே படுத்துக்கொண்டேன்.

காலையில் ஹெப்பகோடி போனேன். வேன்களை வைத்திருந்தவர் டீக்கடை முன்னால் நின்றிருந்தார். தர்மபுரிப் பக்கத்துப் பேச்சு. லைசென்ஸை வாங்கிப் பார்க்காமலே, "கடசியா எங்க ஓட்டின? ஓனர் நம்பர் குடு," என்றார். கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டார். பின்னணியில் குக்கர் விசில் கேட்டது.

"எப்படிம்மா ஆளு?"

"அவனா? சொல்லாம கொள்ளாம போய்டுவான்," என்றார் ஆன்ட்டி. "ஆனா பொய் சொல்ல மாட்டான். தப்பு தன் மேலயே இருந்தாலும் கையில கொண்டாந்து காட்டுவான்."

வேன்காரர் போனை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "போறதுன்னா ஒரு நாள் முன்னாடி சொல்லிட்டுப் போ," என்று சாவியை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

அதுவும் ஒரு கிழட்டு வேன்தான். முன் கண்ணாடியில் பொட்டு, ஸ்டீயரிங்கில் பொட்டு, கதவுக்குக் கதவு பொட்டு, கம்பியில் எலுமிச்சம்பழம் மிளகாய். உள்ளே எட்டரை மணி ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஸ்டீயரிங் பக்கம் போகாமல் பின்னால் சுற்றிப் போய், குனிந்து டேங்க் மூடியைக் கழற்றிக் கண்ணருகில் வைத்துப் பார்த்தேன். ஓட்டைக்குள் வெளிச்சம் தெரிந்தது.

ஜன்னலிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டினாள். "கும்பிட்டு முடிச்சாச்சா அண்ணா? பஞ்ச் அடிக்கணும், வண்டிய எடு!"

மூடியைத் திருகிவிட்டு வந்து செல்ஃப் அடித்தேன்.